அத்தானுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது?

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் கைகால் சுகத்தோடு நடமாடுகிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை படத்தையும் ஸ்கேலையும் கட்டிக்கொண்டு அழுகிறாயா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் உன் அத்தான் சட்டைப் பையில் இருக்கிறது. வாய்க்கால் எதிர்ப்புக் குழுவுக்கு அவரைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். தலைவர் வீட்டிலிருந்து கால்வாய் ஆபீஸுக்குப் போன் போனால் ஊர் என்ன பேசும் என்று, என்னைப் போனைத் தொடவே விடுவதில்லை. ஊர் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது. "மச்சினன் அங்க படம் வரையறான், இவரு இங்க கோஷம் போடறாரு. நல்ல பிழைப்பு"என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். லேத் பட்டறையில் அன்றைக்கு முழுக்க ஒரு போல்ட்டைக்கூட அவர் ஒழுங்காகக் கடையவில்லை.

கால்வாய் போகிற கோட்டைக் காட்ட மஞ்சள் தலை வைத்த அளவுக் கல்லெல்லாம் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அணையிலிருந்து துறைமுகத்துக் கம்பெனிகளுக்குத் தண்ணீர். நம் ஊரைக் கிழித்துக்கொண்டு போகும், நமக்கு ஒரு வாளி கிடையாது. இதை எந்த மகராசன் யோசித்தான்? பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் வளவுக்குள் இரண்டு கல். கோடு நேராக அவர் சமையலறை மேல் போகிறது. தனி மனுஷி, நைட் ட்யூட்டி பார்த்துச் சிறுகச் சிறுகக் கட்டிய வீடு. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நம் வீடு தப்பியது நீ செய்த வேலை என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

நீ செய்த வேலையா? இல்லை என்று ஒரு வரி எழுது.

அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சாப்பாடு ஆபீஸ் கேன்டீனில், அதனால் சுகம் என்று சொல்வதில் கொஞ்சம் பொய் உண்டு. அத்தானும் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லை. நம் வீடு தப்பியதில் என் கை எதுவும் இல்லை. மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துத்தான் கோடு போகும். அந்த ஊரில் என் அக்கா இருக்கிறாள் என்பது தண்ணீருக்குத் தெரியாது. இங்கே கல் நடுவது ஒரு பிரிவு, படம் வரைவது ஒரு பிரிவு, வீட்டை அளந்து நோட்டீஸ் கொடுப்பது இன்னொரு பிரிவு. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. அளக்க வருகிறவர்கள் கல்லைப் பார்த்து அளப்பார்களே தவிர என் படத்தை விரித்துப் பார்க்க மாட்டார்கள்.

நம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட மதகு வைக்கச் சொல்லி நானே ஒருமுறை எழுதினேன். "உங்க ஊரா?"என்று மேலதிகாரி சிரித்தபடி கேட்டார். அந்தத் தாள் அதோடு நின்றுவிட்டது.

இருபத்தைந்தாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். அத்தானை மதகை மட்டும் கேட்கச் சொல். கால்வாயே வேண்டாம் என்றால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இந்தக் கடிதம் நேராக உன் கைக்கு வருகிறதா?

தம்பி

*

மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு விசாரிப்பெல்லாம் பிறகு. நம் வீட்டுக் கொல்லையில் கல் நிற்கிறது.

கூட்டத்தன்று ஊரே பஞ்சாயத்து ஹாலில் இருந்தது. தெருவில் ஈ, காக்காய் இல்லை. உங்கள் அதிகாரி சுவரில் படத்தை மாட்டி ஒரு மணி நேரம் பேசினார். பிறகு உன் அத்தான் எழுந்து, வாய்க்காலே வேண்டாம், கொண்டுவந்தால் மதகோடுதான் கொண்டுவர வேண்டும் என்று பேசினார் பார், எனக்கே புல்லரித்தது. நடுவில் ஒரு கடன்காரன் எழுந்து, "உன் வீட்டுக்கு வந்தா இப்படிப் பேசுவியா? உனக்கென்ன, மச்சினன் இருக்கான்"என்றான். ஹாலே சிரித்தது. அவர் முகம் செத்துப்போய்விட்டது. மைக் கரகரக்கிறது, பட்டறையிலிருந்து வேறு ஒயர் கொண்டுவருகிறேன் என்று வெளியே போனவர், கூட்டம் முடிகிற நேரத்துக்குத்தான் வந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நர்ஸம்மா வளவில் இருந்த இரண்டு கல்லையும் காணோம். ஒன்று நம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், இன்னொன்று முன்பக்கம் பட்டறைச் சுவரை ஒட்டி. கோடு இப்போது என் தையல் அறை மேல் போகிறது. அரை மணிக்குள் ஊரே கூடிவிட்டது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசியதற்கு ஆபீஸ்காரன் பழி வாங்கிவிட்டான் என்று ஒரே பேச்சு. சிரித்த அதே கடன்காரன் உன் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இப்போது அவர் எள் என்றால் ஊர் எண்ணெயாக நிற்கிறது.

நான் மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் படத்தில் இல்லாமல் கல் எப்படி இங்கே வரும்?

அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு குனிய முடியவில்லை. ஹாலில் நாற்காலி தூக்கிப் போட்டாராம். உன் போன கடிதத்தின் ஓரத்தில் பசை இரண்டு முறை ஒட்டியிருந்தது. தபால்காரர் பட்டறையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறார். உங்கள் ஆபீஸிலேயே பிரித்துப் பார்க்கிறார்களோ என்னவோ. யாரைத்தான் நம்புவது?

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம்.

கோட்டை நான் மாற்றவில்லை. ஆபீஸில் யாரும் மாற்றவில்லை. இதற்கு மேல் எழுத முடியாது, கேட்காதே.

அத்தானுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது? நாற்காலி என்றாயே, அந்த ஹாலில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள்தானே? கனமானதைத் தூக்கும்போது ஆள் துணை வேண்டும். தூக்கியதை எடுத்த இடத்திலேயே சீக்கிரம் வைத்துவிட்டால் இடுப்பு தானே சரியாகிவிடும். நான் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நான் வீடு போகிறதே என்று எழுதினால் நீ அவர் இடுப்புக்கு வைத்தியம் எழுதுகிறாய். எரிகிற வீட்டில் நின்றுகொண்டு அடுப்புக்கு விறகு இருக்கிறதா என்று கேட்கிற ஆளை உன்னிடம்தான் பார்க்கிறேன்.

நேற்று அளக்க வந்தார்கள். தையல் மெஷினை நகர்த்தச் சொன்னார்கள். பள்ளிக்கூடச் சீருடை பாதி தைத்தபடி கிடந்தது. ஒருவர் டேப்பின் நுனியை என்னிடமே கொடுத்து, "கொஞ்சம் பிடிங்கம்மா"என்றார். என் வீட்டை இடிக்க நானே டேப் பிடித்தேன்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா கடைசியில் இந்த வீட்டை எனக்கு எழுதிவைத்தபோது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாய், மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் போட்ட சோறு இலையிலேயே காய்ந்தது. அன்றைக்கே உன் அத்தானிடம் சொன்னேன், "இவன் சண்டை போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்"என்று. சண்டை போடாதவன் மனதில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? உனக்குக் கிடைக்காத வீடு எனக்கும் வேண்டாம் என்று ஒரு கோட்டைக் கொஞ்சம் வளைப்பது உனக்குப் பென்சில் வேலைதானே.

அப்படி இல்லை என்றால் அப்படி இல்லை என்று விவரமாக எழுது. இடுப்பைப் பற்றி எழுதாதே.

அக்கா

*

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காய்ச்சல் என்று எழுதலாம் என்று இருந்தேன். காய்ச்சல் இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகு பேனாவை எடுக்கப் பிடிக்கவில்லை.

அன்று நான் பஸ் ஏறியது கோபத்தில் இல்லை. அப்பாவை நாலு வருஷம் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுத்தது நீ. அப்போதெல்லாம் நான் மணியார்டர் மட்டும் அனுப்பினேன். அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தைப் போய் நீ சூது என்று எடுத்துக்கொண்டாய். போகட்டும்.

இப்போது ஒரு செய்தி. மதகு வைக்க மேலிடத்தில் சம்மதித்துவிட்டார்கள். உங்கள் ஊருக்கு இரண்டு. அடுத்த மாதம் அறிவிப்பார்கள். இதை அத்தானிடம் தெளிவாகச் சொல். மதகு வந்தால் ஊர் எதிர்க்காது. ஊர் எதிர்க்காவிட்டால் கால்வாய் வரும். நிச்சயமாக வரும். ஜூலைக் கடைசியில் மண் வெட்டும் மெஷின் வருகிறது. வருகிறவன் கல்லைப் பார்த்து வெட்டுவான்.

அத்தானுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது? நீ திட்டினாலும் கேட்பேன். ஜூலைக்கு முன்னால் அவராக வைத்தியம் பார்த்துக்கொண்டால் பெரிய தொந்தரவு இருக்காது. அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை.

தம்பி

*

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் இல்லை.

நீ சொன்னபடியே மதகு அறிவிப்பு வந்துவிட்டது. ஊருக்குத் தலைகால் புரியவில்லை. "வாய்க்கால் வேண்டாம்"என்று சுவரில் எழுதிய அதே பையன்கள் அதில் 'வேண்டாம்' மேல் மட்டும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். உன் அத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் போனார்கள். அவர் "இறக்குங்கடா, இடுப்பு!"என்று கத்தியதை வாழ்க என்று நினைத்துக்கொண்டு இன்னும் உயரத் தூக்கினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நம் வீடு போகிறதே என்று ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. "தியாகம் பண்ணிட்டாரு"என்றார்கள். அதோடு சரி.

ஜூலை இருபதுக்குள் காலி செய்ய நோட்டீஸ் வந்துவிட்டது. மதகு வரப்போகிறது என்று உன் கடிதத்தை வாசித்துக் காட்டியபோதே அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். கேட்டதெல்லாம் கிடைத்த மனிதர் ஏன் பிணம் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்? அவர் இடுப்பைப் பற்றி நீ ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறாய்? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஏதோ செய்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

நர்ஸம்மா வந்து அவர் வீட்டுப் பின்னறையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வாடகை வேண்டாமாம். மாதக்கணக்கில் முகம் கொடுக்காதவர் இப்போது உருகுகிறார். நாளைக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன்.

அக்கா

*

ஜூன் 5

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

நர்ஸம்மா வீட்டு அறையைப் பார்த்துவிட்டுக் கொல்லைப் பக்கமாக வந்தேன். சமையலறையிலிருந்து கிணற்றுக்குப் போகிற வழியின் நட்டநடுவில் ஒரு பப்பாளி, இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கிறது. குடத்தோடு போகிறவர் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். புத்தியுள்ள யாராவது வழியில் மரம் வைப்பார்களா? அங்கேதானே முதலில் கல் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ஆபீஸ்காரன் கல்லைப் பிடுங்கியிருந்தால் அந்தக் குழியை மூடி மறைக்க நர்ஸம்மாவுக்கு என்ன வந்தது?

"இதை எதுக்கு இங்க வச்சீங்க?"என்றேன். நர்ஸம்மா கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டத்தன்னிக்கு நைட் ட்யூட்டி முடிச்சுட்டு வந்து தூங்கிட்டு இருந்தேன். சங்கிலி சத்தம் கேட்டுச்சு. ஜன்னல்ல பார்த்தா உங்க வீட்டுக்காரர். பட்டறையில பாரம் தூக்குவாங்களே, அந்தச் சங்கிலியை மூணு இரும்புக் குழாயைச் சாய்ச்சுக் கட்டின முக்காலியில மாட்டிக் கல்லைத் தூக்கிட்டு இருந்தாரு. ஒத்த ஆளா. நான் கத்தியிருக்கணும். கத்தலை. என் வீடு தப்பிச்சுதுன்னு ஜன்னலைச் சாத்திட்டேன்."பிறகு, "மறுநாளே போய்க் கன்னு வாங்கிட்டு வந்தேன்"என்றார்.

எனக்கு நர்ஸம்மா மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானாக இருந்தால் இரண்டு மரம் வைத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு உன் அத்தான் எதிரில் நின்றேன். "எதுக்கு?"என்று மட்டும் கேட்டேன். அவர் நடிக்கவில்லை.

"நான் என்ன பேசினாலும் உன் வீட்டுக்கு வரலையேன்னு ஒருத்தன் கேட்டா எப்படி வாயைத் திறக்கறது? என் வீட்டுக்கும் வருதுன்னா நம்புவாங்கல்ல? வாய்க்கால் வராதுன்னுதான் நெனச்சேன். நாங்க நிறுத்திடுவோம்னு நெனச்சேன். வராத வாய்க்காலுக்குக் கல்லு எங்க இருந்தா என்ன?"

"இப்ப வருதே?"

"மதகு கேட்டது நான்தானே. குடுத்துட்டானுங்க."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குச் சங்கிலி கட்டி இழுத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். இத்தனை மாதம் நான் உன்னைத் திட்டும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வீடு போவதைவிட அதுதான் என்னை அறுக்கிறது. ஏப்ரலில் நான் எழுதியதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள்.

இப்போது நான் என்ன செய்யட்டும்? உண்மையைச் சொன்னால் நர்ஸம்மாவின் சமையலறை போகும், உன் அத்தானை ஜெயிலுக்கும் அனுப்புவார்களோ என்னவோ. சொல்லாவிட்டால் நாங்கள் தெருவில்.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னிக்க ஒன்றுமில்லை. உனக்கு வேறு யாரைச் சந்தேகப்பட வழி இருந்தது?

மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. கல் நகர்ந்த நாளும் அத்தானுக்கு இடுப்பு பிடித்த நாளும் ஒன்று. பிளாஸ்டிக் நாற்காலிக்கு யாருக்கும் இடுப்பு போகாது. பசை இரண்டு முறை ஒட்டியிருந்தது என்றாயே, அதை ஆபீஸில் ஒட்டவில்லை. என் கடிதத்தை முதலில் படிப்பவர் யார் என்று தெரிந்துகொண்டேன். அக்கா, அந்த இடுப்புக் கேள்வி உனக்கு இல்லை. அவருக்கு. அவராக எடுத்து வைத்துவிடுவார் என்று ஒவ்வொரு கடிதமாகக் காத்திருந்தேன். உன்னிடம் நேராகச் சொல்லியிருந்தால் நீ அவர் முகத்தில் விழித்திருக்க மாட்டாய். நீ என்னைத் திட்டினால் பரவாயில்லை, நான் தூரத்தில் இருக்கிறேன்.

முப்பதாம் தேதி கடைசி அளவு எடுக்க நானே வருகிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அளக்கிற கருவி படத்தில் இருக்கிற கோட்டைத்தான் காட்டும். அத்தான் உண்மையைச் சொன்னால், கல் இடம் மாறியிருக்கிறது என்று எழுதுவேன், யார் என்று எழுத மாட்டேன். ஆனால் நானாக வந்து மாற்றினால் மச்சினன் வந்து அக்கா வீட்டைக் காப்பாற்றினான் என்று ஆகிவிடும். நர்ஸம்மாவின் வீட்டை நான் பிடுங்கியது போலவும் ஆகும். யார் தூக்கினாரோ அவர் ஊர் முன்னால் சொல்லட்டும். அவர் சொல்லாவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன், வீடு போனாலும் சரி. இது உனக்குக் கொடுமையாகப் படும். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.

தம்பி

*

ஜூன் 24

மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். முதல்முறையாக உனக்குக் கடிதம் எழுதுகிறேன். படித்த கடிதங்களுக்குக் கணக்கில்லை.

நேற்று ஹாலில் எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டேன். கல்லை நான்தான் நகர்த்தினேன் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஒத்தை ஆள் எப்படித் தூக்குவான் என்றார்கள். அன்று என் கையைப் பிடித்து அழுதவன் எழுந்து, "கதை கட்டறான். மச்சினன் முப்பதாம் தேதி வரான்ல, வீட்டைக் காப்பாத்திக்க ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கானுங்க. நர்ஸம்மா தலையில கட்டப் பாக்கறானுங்க"என்றான். ஹாலே ஆமாம் என்றது. நான் பொய்யாகக் கல்லை வைத்தபோது நம்பியவர்கள், உண்மையைச் சொன்னபோது என்னைத் திருடன் என்கிறார்கள்.

கடைசி வரிசையில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். யூனிஃபாரத்தோடு, ட்யூட்டிக்குப் போகிற வழியில் வந்திருப்பார் போல. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

"அவர் சொல்றது நிஜம். நான் பார்த்தேன்"என்று நர்ஸம்மாவே எழுந்து சொன்னார். தன் சமையலறையைத் தன் வாயாலேயே கொடுத்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு ட்யூட்டிக்குப் போய்விட்டார். அவர் வாசல் தாண்டுவதற்குள், "இவங்களுக்கு எவ்வளவு குடுத்தானோ"என்று ஒருவன் முணுமுணுத்தான்.

இன்று காலையில் உன் அக்கா போய், சமையலுக்கு எங்கள் தையல் அறையை எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறோம் என்று கேட்டாள். நர்ஸம்மா கதவைத் திறக்கவில்லை. பப்பாளியை மட்டும் வேரோடு பிடுங்கி எங்கள் பக்கத்துச் சுவர் மேல் வைத்திருக்கிறார். உன் அக்கா அதை என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

முப்பதாம் தேதி வா. ஜனம் தெருவில் நிற்கிற நேரமாகப் பார்த்து, பகலில் வா. உன் கருவி காட்டுகிற இடத்தில் நான் கல்லை வைக்கிறேன். எல்லோரும் பார்க்கட்டும், என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

நீ இரண்டு கடிதத்தில் கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுத முடிகிறது. இடுப்பு இன்னும் சரியாகவில்லை. இந்த முறை சங்கிலியின் மறுமுனையைத் தான் பிடிப்பதாக உன் அக்கா சொல்லியிருக்கிறாள்.

அத்தான்